ஏழாம் படுக்கையின் மணி

"கேளேன்," என்றான் அவன்.

"என்ன கேட்கணும்?"

"எதையாவது. நீ கேட்டா நான் யோசிப்பேன்."

"எனக்குக் கேட்கறதுக்கு ஒண்ணும் இல்ல. சார்ஜர் எடுத்து வெச்சியா?"

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலறை வாசலில் நடந்த பேச்சு இது. அவன் கையில் பெட்டி இருந்தது. அவள் கையில் கரண்டி இருந்தது. கம்பெனி வேறு ஊரில் புதுக் கிளை திறந்து, யார் போகிறீர்கள் என்று கேட்டிருந்தது. போகாதே என்று அவள் சொல்வாள் என அவன் காத்திருந்தான். தான் கேட்காமலே அவன் போகாமல் இருந்துவிடுவான் என அவள் காத்திருந்தாள். இரண்டு பேரும் காத்திருந்ததில் பெட்டிதான் கிளம்பிப் போனது.

அவள் சித்தி வீட்டில் வளர்ந்தவள். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கக் கூடாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தராமலே வந்த பழக்கம். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். 'போகாதே' என்ற அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு முழுங்கியவள், அது இறங்காததால் மூன்று மாதமாகத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் வேலையே கேள்வி கேட்பதுதான். ஆஸ்பத்திரிகளுக்கு அபாய மணிக் கருவிகள் செய்யும் கம்பெனி அது. அங்கே யார் கணினி நிரல் எழுதினாலும் அவள் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். பத்து வரி எழுதினால் முப்பது கேள்வி வரும். அதனால் ஆபீஸில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவள் கணவனும் அதே கம்பெனிதான். கணினிக்கும், அதற்குள் நெட்வொர்க் ஒயர் வந்து சேரும் அட்டைக்கும் நடுவில் நின்று இரண்டுக்கும் பேச்சு நடத்தி வைக்கிற சின்ன நிரல் ஒன்று உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுவது அவன். 'என் பையன் டிரைவர் எழுதறான்' என்று மாமியார் பெருமையாகச் சொல்லப் போய், பக்கத்து வீட்டுக்காரி எந்த லாரி என்று விசாரித்த கதை இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவன் ஊர் மாறிப் போன பிறகும் அவன் எழுதியது அவளிடம்தான் வந்தது. இந்த மூன்று மாதத்தில் அவன் நிரலில் அவள் ஒரு கேள்விகூட எழுதவில்லை. ஆபீஸில் அதைத் தாம்பத்திய ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை. காலை 7:40.

நாத்தனார் இன்னும் சீருடை போடவில்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏழேகாலுக்கு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவள். நேற்று சாயங்காலம் வந்ததும் தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்தவள், இப்போது கட்டில் ஓரத்தில் ஒரு கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடிதம் நாலே வரி. பணியில் கவனக்குறைவு. விசாரணை இன்று மாலை மூன்று மணிக்கு. அதுவரை பணியில் சேர வேண்டாம்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "வேலை போனாக்கூடப் பரவாயில்ல. ஒரு ஆளைச் சாகக் குடுக்கப் பார்த்தவன்னு பேரு வந்துட்டா இன்னொரு ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க முடியாது."

அண்ணி பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே, கால் கட்டை விரலால் தரையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். கவலை வந்தால் அவளுக்குக் கால் நிற்காது.

நடந்தது இது. செவ்வாய் காலை 10:42-க்கு ஏழாம் படுக்கைக்காரருக்கு நாடித்துடிப்பு படுத்துவிட்டது. படுக்கை அருகே இருக்கும் கருவி முனகியது. மற்ற நோயாளிகள் தூங்க வேண்டும் என்று அதன் சத்தத்தை எப்போதும் குறைத்துத்தான் வைப்பார்கள். உரக்க அடிக்க வேண்டியது நர்ஸ் மேஜையில் இருக்கும் திரை. அது அடிக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள் நாத்தனார். ஒன்பது நிமிஷம் கழித்து, தரை துடைக்க வந்த அம்மாள்தான் கூப்பாடு போட்டார். நோயாளி பிழைத்துவிட்டார், இப்போது தீவிர சிகிச்சையில் இருக்கிறார். ஒன்பது நிமிஷம் பதினைந்தாகியிருந்தால் பேச்சே வேறு.

"மணியை அணைச்சியா?"

"இல்ல."

"அதுக்கு முன்னாடி மேஜைல எதையாவது அமுக்கினியா?"

நாத்தனார் கொஞ்சம் தயங்கினாள். "பத்தேகாலுக்கு நாலாம் படுக்கைக்காரர் வீட்டுக்குப் போனார். ஆள் இல்லாத படுக்கைன்னு அதைத் திரையில மூடினேன். நாலை மூடப் போய் ஏழை அமுக்கிட்டேன்னு பெரிய சிஸ்டர் சொல்றாங்க."

"நாலைத்தான் அமுக்கினியா?"

"பேரைப் படிச்சுத்தான் அமுக்கினேன். சத்தியமா நாலுதான்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நேத்து வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன். இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு அண்ணி."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கிளப்பியது. திருடாதவளையே 'நான்தான் எடுத்தேனோ' என்று நினைக்க வைத்துவிட்டார்கள். மேஜையில் இருக்கும் அந்தத் திரை அவளுடைய கம்பெனி செய்தது.

காலை 9:35.

வார்டு பளிச்சென்று இருந்தது. பன்னிரண்டு படுக்கை, நடுவில் அரைவட்ட மேஜை, கோடியில் பூட்டிக் கிடக்கும் டாக்டர் அறை. ஏழாம் படுக்கை காலி, விரிப்பை உருவியிருந்தார்கள். நாலில் ஒரு புது நோயாளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் மேலாளருக்குப் போன் செய்து, ஒரு புகாரைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். எதற்கும் மணி என்ன என்று கேட்கும் அந்த மனிதருக்குக் கடிகாரம் என்று பெயர். எழுத்தில் புகார் வந்திருக்கிறதா என்றார். இல்லை என்றாள். அப்படியென்றால் நீங்கள் லீவில் இருக்கிறீர்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பெரிய சிஸ்டர் கெட்டவர் அல்ல. முப்பது வருஷம் வார்டைக் கட்டி மேய்த்தவர். மனிதர்கள்தான் தப்பு செய்வார்கள், கருவிகள் செய்யாது என்பது அவருடைய அனுபவம்.

"பாருங்கம்மா," என்றார். "ஏழாம் படுக்கைக் கருவி செய்தி அனுப்பலையா? அனுப்பியிருக்கு. டாக்டர் ரூம்ல இருக்கற திரையில 10:42-க்கு மணி அடிச்சதா பதிவு இருக்கு. ரூம் பூட்டியிருந்துச்சு, டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருந்தார், அதனால யாரும் கேட்கலை. ஒரே செய்தி. அங்க போயிருக்கு, இங்க வரலை. இங்க உட்கார்ந்திருந்தது யாரு?"

"மத்த படுக்கை மணியெல்லாம்?"

"பதினோரு மணிக்கு ஒம்பதாம் படுக்கை அடிச்சுதே. ஏழு மட்டும்தான் ஊமை."

"அதுக்கப்புறம் ஏழைச் சோதிச்சீங்களா?"

"கம்பிக்காரரைக் கூப்பிட்டேன். பதினொன்றரைக்கு வந்தார். அடிச்சுது."

கம்பிக்காரர் என்பது ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர். எப்போதும் தோளில் ஒரு சுருள் ஒயர். தன் வேலையைச் சந்தேகப்பட வந்தவள் என்று நினைத்து முதலில் முறைத்துக்கொண்டார். அவள் பொறுமையாகக் கேட்கக் கேட்க இளகினார்.

மேஜைக் கணினியில் தன்னுடைய வேவு நிரலை ஓட விட்டாராம். ஒயரில் வருவது போவது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் காட்டும் நிரல் அது. பிறகு ஏழாம் படுக்கைக் கருவியில் சோதனைப் பொத்தானை அமுக்கச் சொன்னார். செய்தி கிளம்பியது; வந்தது; மேஜையில் மணி காதைக் கிழித்தது. மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் அடித்தது.

"நிரலை மூடினப்புறம் ஒரு தடவை பார்த்தீங்களா?"

"எதுக்குங்க? அதான் மூணு தடவை அடிச்சுதே."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"பன்னெண்டு மணிக்கு நாலுக்குப் புது ஆள் வந்தார். நாலைத் திரும்பத் திறந்தாங்க. சாயங்காலம் பெரிய சிஸ்டர் இன்னொரு தடவை ஏழை அமுக்கிப் பார்த்தாங்க. அப்பவும் அடிச்சுது. என் ஒயர்ல குத்தமில்லைங்க."

தரை துடைக்கும் அம்மாளையும் விடவில்லை. அவர் வாளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். அந்தப் பொண்ணு தலையைத் தூக்கித் தூக்கித் திரையைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, தூங்கலை என்றார். திரையில் எண்கள் தெரியுமே, அதில் நாடி குறைந்தது தெரிந்திருக்காதா என்று அவள் கேட்டது பெரிய சிஸ்டரிடம். ஏழின் எண்கள் இரண்டாம் பக்கத்தில் இருக்கும், மணி அடித்தால்தான் அது முன்னால் வரும் என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றே இறங்கியது.

காலை 11:15. எல்லாம் கையில் இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. டாக்டர் அறையில் அடித்தது, மேஜையில் அடிக்கவில்லை. வேவு பார்த்தால் அடிக்கிறது. வேவு பார்க்காதபோது ஊமையாக இருந்தது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்குச் சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவள் மட்டும். அவள் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மூன்று மணிக்கு இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம்.

பகல் 12:10.

நர்ஸ்கள் உடை மாற்றும் அறையில் நாத்தனார் ஒரு சாக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் சாமான்களை எடுக்க மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள். சாமான்கள்தான் அலமாரிப் பெட்டியில் இல்லை.

"நானும் இன்னொரு பொண்ணும் ஒரே பெட்டியைத்தான் வெச்சிருந்தோம் அண்ணி. பெட்டி பத்தாதுன்னு ரெண்டு பேருக்கு ஒண்ணு. அவ போன வாரம் வேலையை விட்டுட்டா. சாவியை இன்னிக்குக் காலைலதான் திருப்பிக் குடுத்திருக்கா. உடனே ஆபீஸ்ல பெட்டியைக் காலி பண்ணி, இருந்ததையெல்லாம் இந்தச் சாக்குல கொட்டி மூலைல வெச்சுட்டாங்க. இன்னொருத்தி இன்னும் இருக்காளேன்னு யாரும் பார்க்கலை." அவள் உள்ளேயிருந்து கம்பி முறிந்த குடை ஒன்றை எடுத்தாள். "அண்ணன் வாங்கிக் குடுத்தது."

வேலை போகப் போகிறது என்று காலையிலிருந்து அழாதவள், குடைக்காக அழுதாள்.

அண்ணி அந்தக் குடையைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். கால் தட்டுவது நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"பெட்டி கதையை."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். ஒருத்தி போனாள். பெட்டியைக் காலி செய்தார்கள். இன்னொருத்தி இருப்பதை யாரும் பார்க்கவில்லை.

"டாக்டர் ரூம் திரையில நாலாம் படுக்கையை யாராவது மூடினாங்களா?"

"அங்க யாரும் எதையும் மூட மாட்டாங்க. பன்னெண்டும் திறந்தேதான் கிடக்கும்."

அவள் கேன்டீனுக்கு ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். வழியில் ஒரு தள்ளு நாற்காலிக்காரர் திட்டினார்.

பகல் 12:25. மடிக்கணினியில் அந்தக் கோப்பு திறந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் எல்லா மேஜைக் கணினிகளுக்கும் போன டிரைவர் மாற்றம். எழுதியது: அவன். படித்தது: அவள்.

நாற்பது வரி. இப்போதுதான் முதல் தடவையாக அதைப் படித்தாள். மாற்றத்துக்கு மேலே, எழுதியவர் குறிப்பு எழுதும் இடத்தில், ஒரு வரி இருந்தது. அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கணினியை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

பகல் 1:30. போனில் கடிகாரத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார், அது இன்னும் மோசம். சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிடலாமே, தலையைக் கொண்டுபோய் எதற்கு நீட்ட வேண்டும் என்றார். இங்கே ஒரு பெண் மேல் பழி விழுந்திருக்கிறது என்றாள் அவள்.

"அந்தப் பொண்ணு உங்க நாத்தனார். அது தெரிஞ்சா நீங்க சொல்ற ஒரு வார்த்தையையும் யாரும் நம்ப மாட்டாங்க. யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தாள். அதனால்தான் கம்பிக்காரரைத் தேடிப் போனாள். தன் அறையில் சும்மா கிடந்த ஒரு உபரி மேஜைக் கணினியை அவர் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். அதே கருவி, அதே பதிப்பு.

பகல் 1:50. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குத் தானே ஒரு செய்தி அனுப்பினாள். இதுவரை எல்லாம் மாமியார் வழியாகத்தான். 'மூணு மணிக்கு லைன்ல இரு. உன் நிரல் விஷயம்.' ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. 'இருக்கேன்.'

மாலை 3:00.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் வெள்ளை முடியும் சின்னக் குரலுமாக இருந்தார். பக்கத்தில் பெரிய சிஸ்டர். ஓரமாகக் கடிகாரம்; வேறு வழியில்லாமல் வந்திருந்தார். நாத்தனார் கைகளை மடியில் வைத்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முதலில் தன் உறவைச் சொன்னாள். இந்தப் பெண் என் கணவருடைய தங்கை. அதனால் என் பேச்சை நம்ப வேண்டாம், வார்டுக்கு வந்து கண்ணால் பாருங்கள் என்றாள். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

உபரித் திரையை நர்ஸ் மேஜையிலேயே, அசல் திரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் கம்பிக்காரர். இரண்டிலும் பன்னிரண்டு படுக்கையும் திறந்திருந்தன. காலி ஏழாம் படுக்கைக் கருவியில் சோதனைப் பொத்தானை அமுக்கச் சொன்னாள். இரண்டு திரையும் சேர்ந்து அலறின. நாலாம் படுக்கைக்காரர் பேப்பரைக் கீழே போட்டார்.

"சிஸ்டர், இந்த உபரித் திரையில நாலை மூடுங்க. நான் தொடலை. நீங்களே அமுக்குங்க."

பெரிய சிஸ்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, பெயரைப் படித்து, நாலை மூடினார்.

"எதை மூடினீங்க?"

"நாலை." குரலில் கோபம்.

"நிச்சயமா?"

"எனக்குக் கண்ணு தெரியும்மா."

"ஏழை அமுக்கச் சொல்லுங்க."

அசல் திரை அலறியது. கோடியில் டாக்டர் அறைக்குள்ளிருந்தும் மணி கேட்டது. உபரித் திரை கல் மாதிரி இருந்தது.

பெரிய சிஸ்டர் தன் விரலைப் பார்த்தார்.

"அண்ணா, இப்ப இந்த உபரித் திரையில உங்க நிரலை ஓட விடுங்க," என்றாள் கம்பிக்காரரிடம். ஓட விட்டார். ஏழை அமுக்கினார்கள். உபரித் திரையும் அலறியது. "மூடுங்க." மூடினார். ஏழை அமுக்கினார்கள். மறுபடி கல்.

"நான் பார்த்தா வருது, பார்க்கலைன்னா ஓடிப் போகுது," என்றார் கம்பிக்காரர், பேய் அடித்த மாதிரி.

"இதுல பேயும் இல்ல, யாரோட விரலும் தப்பு இல்ல," என்றாள் அவள். "சொல்றேன்."

சொன்னாள். ஒவ்வொரு படுக்கைக் கருவியும் தன் அபாயச் செய்தியை ஒரு ஆளுக்கென்று அனுப்புவதில்லை; ஒரு குழு முகவரிக்கு அனுப்புகிறது. யாருக்கு வேண்டுமோ அவர்கள் அந்த முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மேஜையும் கேட்கும், டாக்டர் அறையும் கேட்கும். இதற்கு மல்ட்டிகாஸ்ட் என்று பெயர். கணினிக்குள் இருக்கும் நெட்வொர்க் அட்டை இதற்கு வாசல்காரன். எந்த முகவரியை உள்ளே விடுவது என்று நினைவு வைத்துக்கொள்ள அவனிடம் அறுபத்து நாலு விளக்குகள்தான் இருக்கின்றன. ஒரு முகவரி வந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பான். விடை எந்த விளக்கோ அது எரிந்தால் உள்ளே விடுவான், எரியாவிட்டால் கதவைச் சாத்துவான். ஆனால் முகவரிகள் ஏராளம், விளக்குகள் அறுபத்து நாலு. இரண்டு முகவரிக்கு ஒரே விளக்கு வந்து வாய்ப்பது உண்டு.

"இந்த வார்டுல நாலுக்கும் ஏழுக்கும் ஒரே விளக்கு. மத்த பத்துக்கும் தனித்தனி. மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

பழைய டிரைவர், ஒரு படுக்கையை மூடினால், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, மிச்சமிருக்கும் படுக்கைகளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றும். அந்த இமைக்கும் நேரத்தில் ஏதாவது செய்தி தவறிவிடக் கூடாதே என்று புதிய டிரைவரில் மாற்றினார்கள்: மூடிய படுக்கையின் விளக்கை மட்டும் அணை. நல்ல எண்ணம்தான். நாலை மூடியதும் நாலின் விளக்கை அணைத்தது. அதே விளக்கில் ஏழும் இருக்கிறதே என்று பார்க்கவில்லை.

"உங்க நர்ஸ்கள் பெட்டி மாதிரி," என்றாள் பெரிய சிஸ்டரைப் பார்த்து. "ஒருத்தி சாவியைக் குடுத்தா. இன்னொருத்தியோட குடையும் சாக்குக்குப் போச்சு."

டாக்டர் அறையில் யாரும் நாலை மூடவில்லை. அதனால் அங்கே அடித்தது. நாலுக்குப் புது ஆள் வந்ததும் விளக்கு திரும்ப எரிந்தது. அதனால் சாயங்காலம் ஏழும் பேசியது. வேவு நிரல் ஓடும்போது வாசல்காரனிடம் 'யாரையும் தடுக்காதே' என்று சொல்லிவிடுகிறது. விளக்கைப் பார்க்காமலே எல்லாவற்றையும் உள்ளே விடுகிறான். அதனால்தான் பார்க்கிறபோது மட்டும் குற்றம் மறைந்தது.

கண்காணிப்பாளர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "அப்போ இந்தப் பொண்ணு?"

"நாலைத்தான் அமுக்கினா. சரியாத்தான் அமுக்கினா. குற்றவாளிங்க ரெண்டு பேர். ஒருத்தர் அந்த மாற்றத்தை எழுதினவர். இன்னொருத்தர் அதைப் படிச்சுட்டேன்னு கையெழுத்துப் போட்டவங்க."

"யார் யார்?"

கடிகாரம் முதல் தடவையாக மணி பார்க்க மறந்தார்.

"எழுதினது என் வீட்டுக்காரர். இதோ, போன்ல இருக்கார். கையெழுத்துப் போட்டது நான்."

கைபேசியை மேஜையில் வைத்தாள். அதிலிருந்து மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது.

"அவர் மாற்றத்தை அனுப்பினது காலைல 11:22-க்கு. நான் கையெழுத்துப் போட்டது 11:26. நாலு நிமிஷம். நாற்பது வரியை நாலு நிமிஷத்துல யாரும் ஒழுங்காப் படிக்க முடியாது. மத்தவங்க எழுதியிருந்தா நான் நாலு நாள் எடுத்திருப்பேன். இதுல பெரிய குத்தம் என்னோடது சார். ஏன்னா அவர் மேலேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்." அதை மனப்பாடமாகச் சொன்னாள். "'நீக்கும் பகுதியை மட்டும் நிதானமாகப் பார்க்கவும். எனக்கே சந்தேகம். கேள்வி இருந்தால் கேட்கவும்.'"

"ஏன் கேட்கலை?" என்றார் கண்காணிப்பாளர். அதட்டலாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

அவள் கால் ஆட ஆரம்பித்தது. நிறுத்தினாள்.

"கேட்டா பதில் வரும் சார். பதில் வந்தா பேச வேண்டியிருக்கும். நாங்க பேசிக்கறதில்லை."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலை 3:50. நாத்தனார் மேல் குற்றமில்லை என்று கண்காணிப்பாளர் தன் கையாலேயே எழுதினார். எல்லா ஆஸ்பத்திரிக்கும் உடனே எச்சரிக்கை அனுப்பச் சொன்னார். கடிகாரம் தலையாட்டியபடியே ஏற்கெனவே போனில் அனுப்பிக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடியின் கையெழுத்து உரிமையை ஒரு மாதத்துக்கு நிறுத்தி வைப்பதாகவும் சொன்னார். அவள் சரி என்றாள். திருத்தம் வரும்வரை மேஜைக் கணினியில் கம்பிக்காரரின் வேவு நிரல் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று முடிவானது. தன் நிரலுக்கு வந்த மரியாதையில் கம்பிக்காரர் ஒயர்ச் சுருளை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார். பெரிய சிஸ்டர் நாத்தனாரிடம் வந்து, நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு என்று மட்டும் சொன்னார். பிறகு போனவர் திரும்பி வந்து, அந்தக் குடையைக் கொடு, என் தம்பி சரி பண்ணிடுவான் என்று வாங்கிக்கொண்டு போனார்.

தாழ்வாரம் காலியானது. கைபேசி இன்னும் லைனில் இருந்தது.

"திருத்தி அனுப்பிட்டேன்," என்றான் அவன். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "பழையபடி எல்லாத்தையும் அணைச்சு ஏத்தறேன். உன்னால கையெழுத்துப் போட முடியாது, தெரியும். சும்மா படி. கேள்வி இருந்தா எழுது."

"எழுத மாட்டேன்."

நாத்தனார் நைசாக நகர்ந்து அறிவிப்புப் பலகையில் என்றோ முடிந்துபோன ரத்த தான முகாம் நோட்டீஸை வெகு சிரத்தையாகப் படிக்கத் தொடங்கினாள்.

"எழுதினா நீ பதில் எழுதுவ," என்றாள் அவள். "பேசாம விட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தது."

"அப்போ கேளேன்," என்றான். மூன்று மாதத்துக்கு முன்னால் சமையலறை வாசலில் நின்ற அதே குரல். "ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேளு."

அவள் சுவரில் சாய்ந்தாள். கால் ஆடவில்லை. சித்தி வீட்டுத் தட்டு, கரண்டி, பெட்டி எல்லாம் ஒரு கணம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. தொண்டையில் இருந்ததை இந்தத் தடவை முழுங்கவில்லை.

"வீட்டுக்கு வந்துடேன்," என்றாள். "நீ எனக்கு வேணும்."